மே துயேலெ

லெ போர். பிப்ரவரி.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும் வகுப்பு.
இருபத்தெட்டுப் பேரும்
ஸ்பானியத்தில் சரளமாக வாய் திறக்க வேண்டும் என்கிறது பாடத்திட்டம்.
திறக்கிறார்கள்,
கொட்டாவிக்கு.

வாரம் இரண்டரை மணி நேரம்.
பெயர் கூப்பிட, கைப்பேசி பிடுங்க,
ஜன்னலை யார் மூடியது என்று பிரெஞ்சில் கத்த
அரை மணி போய்விடும்.
மிச்சத்தை வகுத்தால் ஆளுக்கு நாலு நிமிடம்.
நாலு நிமிடத்தில் முட்டையே அரைவேக்காடு.

நான் காரைக்கால்காரி.
பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு பிறந்து
துலூசில் ஸ்பானியம் படித்து
ரெயூனியனுக்கு மாற்றலாகி வந்தவள்.
பார்க்கிறவர்கள் தமிழ் டீச்சர் என்று நினைக்கிறார்கள்.
இல்லை, ஸ்பானியம் என்றால்
சாம்பாரில் சர்க்கரை விழுந்த முகம்.

பிள்ளைகளிடம் சொன்னதில்லை,
என் குறுக்குவழி தமிழ்தான்.
'நான்' இல்லாமல் பிரெஞ்சு ஓர் அடி நகராது.
ஸ்பானியத்தில் ஆப்லோ போதும்:
பேசுகிறேன்.
வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறான்.
ரகரத்தைத் தொண்டையில் கரகரக்கும் பிள்ளைகள் முன்
பறை, பறை என்று உள்ளே சொல்லிக்கொள்வேன்,
வெளியே பெர்ரோ என்று வரும்.
நாய்.

கடைசி வரிசையில் அனயெல் கருப்பேன்.
கருப்பன் என்ற பெயரை எவனோ குமாஸ்தா
மூக்கால் எழுதிவைத்ததில் அப்படி ஆயிற்று.
தன்மை ஒருமை.
பெயரிலேயே 'நான்' இருக்கிறவள்
ஆறு மாதமாக வகுப்பில் ஒரு 'நான்' சொன்னதில்லை.
கேட்டால் தோளைக் குலுக்குவாள்.
அதற்கு எல்லா மொழியிலும் ஒரே இலக்கணம்.

சனிக்கிழமை மருந்துக்கடை.
எனக்கு முன்னால் மூன்று பேர்.
கவுண்டரில் சூரைக் கப்பல் ஆள் ஒருவன்,
ஒரு கன்னம் பன்னாக வீங்கி,
மே துயேலெ, மே துயேலெ என்கிறான்.
எனக்கு வலிக்கிறது.
பிரெஞ்சில் வலியை ஆள் வைத்திருக்க வேண்டும்.
அவன் மொழியிலும் நம் மொழியிலும் வலி தானாக வருகிறது,
ஆளுக்கு ஒரு 'கு' மட்டும்.

கடைக்காரம்மா பிரெஞ்சில் பதில் சொன்னாள்.
புரியவில்லை என்றதும் அதையே உரக்கச் சொன்னாள்.
அம்மாவுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெண்
நிமிர்ந்தாள்.
அனயெல்.

நான் முன்னால் போயிருக்கலாம்.
ஒரு நிமிட வேலை.
வெயில் களிம்பு அலமாரிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.
ஏன் என்றால் தெரியாது.

"எத்தனை நாள் நீ வலி?"
என்றாள், ஸ்பானியத்தில்.
வினையே இல்லை.
என் விரல் பைக்குள் சிவப்புப் பேனாவைத் தேடியது.
அவனோ நாலு விரல் காட்டினான்.

ஒவ்வாமைக்குச் சொல் தெரியாமல் விட்டத்தைப் பார்த்தாள்.
பிறகு,
"பென்சிலின் உனக்கு எதிரியா?"

அவன் சிரித்துவிட்டான், சிரித்ததில் வலித்து
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தான்.
பிறகு வேகமெடுத்தான்.
கேப்டன், புயல், குறடு...
பாதி எனக்கே பிடிபடவில்லை.
அனயெல் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள்:
தெஸ்பாசியோ.
மெதுவாக.

அந்தச் சொல்லை நான் கற்றுத்தந்ததாக நினைவில்லை.

மாத்திரை, பல் மருத்துவர் முகவரி எழுதிய தாள்,
தப்பும் தவறுமாக ஒரு பத்து நிமிடம்.
என் நாலு நிமிடக் கணக்கில்
இரண்டரை வாரம்.
களிம்பு வாங்காமலே வெளியே வந்தேன்.
கப்பல் மறுநாள் போய்விட்டது.
பல் என்னாயிற்றோ.

திங்கள்கிழமை மணி அடித்த பிறகு
மேசை அருகே வந்து நின்றாள்.
"சனிக்கிழமை ஒளிந்தீர்கள். களிம்பு பின்னால்.
பார்த்தேன்."

அவ்வளவும் ஸ்பானியத்தில்.
இரண்டு பிழை. எண்ணிவிட்டேன், பழக்கதோஷம்.
கடைசிச் சொல்லுக்கு முன் 'நான்' போடவில்லை,
வாலில் ஆள் இருந்தது.

பதிலுக்கு மூன்று மொழியிலும் தேடினேன்.
தோளைக் குலுக்கினேன்.